'இனிமே ஒண்ணும் மாறாது'ன்னு மனசு சொன்னா... நம்பாதீங்க பாஸ்!

ஃப்ரெண்டுக்கு வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் தட்டுறீங்க. 'நாளைக்கு வர்றியா?' ரெண்டு டிக் விழுது. ரெண்டும் நீலமாகுது. பதில் இல்லை. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு மணி நேரம்... ம்ஹூம்!

இப்போ உங்க மண்டைக்குள்ள என்ன ஓடும்? ஒருத்தர் 'பஸ்ல இருப்பான், அப்புறம் பேசுவான்'னு போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கிடுவார். இன்னொருத்தர் 'திமிரைப் பாரு'ன்னு கடுப்பாவார். மூணாவது ஆள் 'நான் பேசினாலே எல்லாருக்கும் போர். யாருக்குமே என்னைப் பிடிக்கலை'ன்னு சுவரைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பார். நடந்தது ஒண்ணே ஒண்ணுதான், ரெண்டு நீல டிக். அப்புறம் தூக்கமும் கோபமும் அழுகையும் எங்கேருந்து வந்துச்சு?

நடந்த விஷயத்துலேருந்து வரலை. அதைப் பத்தி நாம நினைச்ச நினைப்புலேருந்து வந்துச்சு. 'அட, இது எங்க பாட்டிக்கே தெரியுமே'ன்னு சொல்றீங்களா? தெரியும்தான். ஆனா இந்தச் சின்ன விஷயத்தைப் பிடிச்சுக்கிட்டு, அதை ஒரு சிகிச்சையா மாத்தி, அது உயிரைக் காப்பாத்துமான்னு எண்ணிக்கை போட்டுப் பார்த்தவர் ஒருத்தர் இருந்தார். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில், எப்பவும் கழுத்துல 'போ டை' கட்டிக்கிட்டு வலம் வந்த டாக்டர் ஆரோன் பெக்.

தப்பாப் போன ஆராய்ச்சி!

பெக் பிறந்தது 1921-ல். அவர் பிறக்குறதுக்கு முன்னாடியே ரெண்டு குழந்தைகளைப் பறிகொடுத்து மனம் உடைஞ்சு போயிருந்தார் அம்மா. சின்ன வயசுல பெக்குக்குக் கை முறிஞ்சு, அதுல கிருமி ஏறி, பிழைக்கிறதே கஷ்டம்ங்கிற நிலைமை. பிழைச்சார். ஆனா பள்ளிக்கூடம் போகாம இருந்ததால ஒரு வருஷம் பின்தங்கிட்டார். 'நான் முட்டாள்'னு பையன் முடிவே பண்ணிட்டான். அப்புறம் விழுந்து விழுந்து படிச்சு, கூடப் படிச்சவங்களையே தாண்டிப் போனது வேற கதை. 'நான் முட்டாள்'ங்கிறது உண்மை இல்லை, அது வெறும் நினைப்புன்னு அவருக்கு முதல்ல புரிஞ்சது அங்கேதான்னு சொல்லலாம்.

யேல் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, 1954-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் பெக். அப்போ மனநல உலகத்தோட சூப்பர் ஸ்டார் யாருன்னு கேட்டா, சந்தேகமே இல்லாம சிக்மண்ட் ஃப்ராய்ட்தான். மனச்சோர்வு ஏன் வருது? அடுத்தவங்க மேல இருக்கிற கோபம் உள்பக்கமா திரும்பி, தன்னையே தாக்குறதுதான். அடி மனசுல அவங்க துன்பப்பட ஆசைப்படுறாங்க. இதுதான் அந்தக் கோஷ்டியோட விளக்கம். பெக்கும் அந்தப் பள்ளியில் பயிற்சி எடுத்தவர்தான். 'இதை அறிவியல்பூர்வமா நிரூபிச்சுக் காட்டுறேன்'னு உற்சாகமாக் கிளம்பினார்.

மனச்சோர்வு உள்ளவங்களோட கனவுகளைச் சேகரிச்சு அலசினார். கோபம் கொப்பளிக்கும்னு எதிர்பார்த்தா, அதைக் காணோம். எல்லாக் கனவுலயும் தோற்றுப் போறது, ஏமாற்றம், கைவிடப்படுறது. நிஜ வாழ்க்கையில அவங்க தங்களைப் பத்தி என்ன நினைச்சாங்களோ, அதேதான் கனவிலும். சரி, துன்பப்பட ஆசைப்படுறாங்கன்னா, ஒரு வேலையைக் கொடுத்து அதுல ஜெயிக்க வெச்சா நொந்து போகணுமே? ஜெயிக்க வெச்சுப் பார்த்தார். மூடு நல்லாயிடுச்சு! தியரி காலி.

இந்த இடத்துல நம்ம ஆளுங்கன்னா டேட்டாவைக் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' பண்ணி புராஜெக்ட் ரிப்போர்ட்டை சப்மிட் பண்ணியிருப்போம் (பொய் சொல்லாதீங்க, உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட் எப்படி முடிஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியும்). பெக் தியரியை விட்டுட்டார்.

அதே காலத்துல நடந்த இன்னொரு சம்பவத்தையும் அவர் பின்னாடி அடிக்கடி சொல்லுவார். ஒரு பெண் நோயாளி படுக்கையில் சாய்ந்தபடி தன் அந்தரங்க விஷயங்களைச் சொல்லிக்கிட்டே இருக்கார். ஆனா பதற்றமா இருக்கார். 'இதையெல்லாம் சொல்றதுல உங்களுக்கு வெட்கம், அதான் பதற்றம்'னு ஃப்ராய்ட் பாணியில விளக்குறார் பெக். அந்தப் பெண்ணோ, அதெல்லாம் இல்லை டாக்டர், நான் சொல்றது உங்களுக்கு போரடிக்குதோன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிட்டார்!

பெக்குக்கு பொறி தட்டியது. வாய் ஒரு கதையைச் சொல்லிக்கிட்டிருக்கும்போதே, அடியில ரன்னிங் கமென்ட்ரி மாதிரி இன்னொரு பேச்சு ஓடிக்கிட்டிருக்கு. நாம கூப்பிடாமலே வரும். சட்டுனு வந்துட்டுப் போகும். வந்ததை நாம சரிபார்க்கவே மாட்டோம், அப்படியே நம்பிடுவோம். இதுக்கு அவர் வெச்ச பேர், தானியங்கி எண்ணங்கள்.

மனச்சோர்வு உள்ளவங்ககிட்ட இந்த எண்ணங்கள் மூணு பக்கமா வந்து தாக்குதுன்னு கவனிச்சார். நான் வேஸ்ட். என்னைச் சுத்தி இருக்கிற உலகம் மோசம். இனிமே எதுவும் மாறப் போறதில்லை. இந்த மூணாவதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

எம்-3 அரியரும் ஒரு பேப்பரும்

அப்போ சிகிச்சைன்னா என்ன? இதுக்குப் பேர் காக்னிட்டிவ் தெரபி. இப்போ சிபிடின்னு சுருக்கமா சொல்றாங்க. ஊசி கிடையாது, ஹிப்னாடிசம் கிடையாது. ரெண்டு பேர் உட்கார்ந்து பேசுறது, அப்புறம் ஹோம் வொர்க். (ஆமாங்க, ஹோம் வொர்க்தான்!)

ஒரு உதாரணம், நாமளா வெச்சுக்கிறது. எம்-3-ல அரியர். ரிசல்ட் பார்த்த நிமிஷம் மனசுல ஓடுறது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை. அப்பா கட்டின ஃபீஸ் எல்லாம் தண்டம். எனக்கு எதிர்காலமே இல்லை.' இதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதச் சொல்லுவாங்க. என்ன நடந்தது, என்ன தோணுச்சு, எவ்வளவு வலிச்சது, அந்த எண்ணத்தை எத்தனை சதவீதம் நம்புறீங்கன்னு எல்லாத்தையும். அப்புறம் வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணை. இதுக்கு என்ன ஆதாரம்? எதிரான ஆதாரம் எதுவுமே இல்லையா? இதே அரியர் உங்க ரூம் மேட்டுக்கு வந்திருந்தா 'நீ எதுக்கும் லாயக்கில்லடா'ன்னு அவன்கிட்ட சொல்லுவீங்களா? ஒரு பேப்பர் ஃபெயில் ஆனதுலேருந்து எதிர்காலம் முழுசும் போச்சுங்கிற இடத்துக்கு எந்த பஸ்ஸைப் பிடிச்சு வந்தீங்க?

அது பொய், இது சரின்னு டாக்டர் தீர்ப்பு சொல்ல மாட்டார். கேள்வி கேட்பார், பதிலைத் தேடுறது நீங்க. பதில் பெரும்பாலும் 'எல்லாம் சூப்பர்'னு வராது. 'மூணு மாசமா அந்த பேப்பரைத் தொடவே இல்லை, அடுத்த செமஸ்டர்ல ரெண்டையும் சேர்த்து எழுதணும், கஷ்டம்தான்'னு வரும். கஷ்டம் வேற, கதை முடிஞ்சதுங்கிறது வேற. இந்த வித்தியாசம்தான் இங்கே மருந்து.

அதனாலதான், 'பாசிட்டிவா நினைங்க, எல்லாம் நல்லதே நடக்கும்'னு மேடையில் கத்துறவங்களோட இதைச் சேர்த்துக் குழப்பாதீங்க. படுத்தே கிடக்குறவன்கிட்ட போய் 'சியர் அப் மச்சி'ன்னு முதுகுல தட்டினா, அவனுக்கு 'இவனுக்கும் நான் புரியலை'ங்கிற இன்னொரு ஆதாரம்தான் கிடைக்கும்.

எண்ணம் மட்டுமில்லை, செயலும் உண்டு. கட்டிலை விட்டு எழவே முடியாதவங்ககிட்ட முதல் நாளே பேப்பரை நீட்ட மாட்டாங்க. குளிக்கிறது, தெருமுனை வரை நடக்கிறது, ஒருத்தருக்கு போன் பண்றதுன்னு மணி வாரியா சின்னச் சின்ன வேலை. செஞ்சு முடிச்சதும் எவ்வளவு பிடிச்சிருந்தது, எவ்வளவு சாதிச்ச மாதிரி இருந்ததுன்னு மார்க் போடணும். 'எதுவுமே பிடிக்கலை'ன்னு சொன்னவங்க, சாயங்காலம் பார்த்தா எதுக்கோ நாலு மார்க் போட்டிருப்பாங்க. அங்கேருந்து பிடிச்சுக்குவாங்க.

மாத்திரையோட ஒரு போட்டி

இதெல்லாம் கேட்க நல்லாதான் இருக்கு, நிஜமா வேலை செய்யுதா? 1977-ல் 41 பேரை வெச்சு, அன்றைக்குப் பிரபலமா இருந்த இமிப்ரமைன் மாத்திரையோட காக்னிட்டிவ் தெரபியை மோதவிட்டாங்க. பேச்சு சிகிச்சைதான் ஜெயிச்சது. பேச்சால மனச்சோர்வு குணமாகுமான்னு சிரிச்சுக்கிட்டிருந்தவங்க நிமிர்ந்து உட்கார்ந்தாங்க. ஆனா ஆய்வு முடியுறதுக்கு முன்னாடியே மாத்திரையைக் குறைச்சுட்டாங்க, அது போங்கு ஆட்டம்னு விமர்சனமும் வந்துச்சு. நியாயமான விமர்சனம்தான்.

அப்புறம் 2005-ல் பென்சில்வேனியா, வாண்டர்பில்ட் ரெண்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 240 பேரை வெச்சு ஒழுங்கா ஒண்ணு செஞ்சாங்க. 16 வாரம் கழிச்சுப் பார்த்தா, மாத்திரை சாப்பிட்டவங்க 58 சதவீதம் தேறியிருந்தாங்க. தெரபி எடுத்தவங்களும் 58 சதவீதம். டை! ஆனா அடுத்த ஒரு வருஷத்துல மாத்திரையை நிறுத்தினவங்கள்ல 76 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு திரும்பி வந்துச்சு. தெரபி முடிச்சவங்கள்ல 31 சதவீதம் பேருக்குத்தான். சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்ட மாதிரி, கத்துக்கிட்டது கூடவே இருக்கு போல. இதைப் படிச்சுட்டு யாரும் இப்போ சாப்பிட்டுக்கிட்டிருக்கிற மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அதை டாக்டர்கிட்ட பேசித்தான் முடிவு பண்ணணும். நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்துதான் தேவைப்படும்.

அந்த மூணாவது எண்ணம்

ஞாபகம் வெச்சுக்கச் சொன்னோமே, 'இனிமே எதுவும் மாறப் போறதில்லை', அதுக்கு வருவோம்.

பெக்குக்கு ஒரு சந்தேகம். மனச்சோர்வு உள்ள எல்லாரும் சாகணும்னு நினைக்கிறதில்லையே, அப்போ சிலரை மட்டும் அந்த விளிம்புக்குத் தள்றது எது? 1974-ல் 20 வரிகள் கொண்ட ஒரு கேள்வித்தாள் தயாரிச்சார். எல்லாமே எதிர்காலத்தைப் பத்தினது, 'சரி, தப்பு'ன்னு டிக் அடிக்கணும், அவ்வளவுதான். நம்பிக்கையின்மையை அளக்குற ஸ்கேல் அது. தற்கொலை எண்ணத்தோட ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்த 207 பேரோட மார்க்கைக் குறிச்சு வெச்சுட்டு, 5 முதல் 10 வருஷம் வரை அவங்களைத் தொடர்ந்தாங்க. 14 பேர் தற்கொலையால் இறந்திருந்தாங்க. 1985-ல் முடிவு வெளியானப்போ தெரிஞ்சது இதுதான். சோகம் எவ்வளவு ஆழம்ங்கிறதை விட, எதிர்காலத்தைப் பத்தின நம்பிக்கை எவ்வளவு வத்திப் போச்சுங்கிறதுதான் முன்கூட்டியே எச்சரிக்கை மணி அடிச்சிருந்தது.

இதுல ஒரு விஷயம், மார்க் அதிகமா வாங்கினவங்கள்லயும் பெரும்பாலானவங்க உயிரோடதான் இருந்தாங்க. அதனால இந்தக் கேள்வித்தாள் ஜோசியம் இல்லை. நெட்ல தேடிப் பிடிச்சு உங்களுக்கு நீங்களே மார்க் போட்டுக்கிட்டு பயந்து போகாதீங்க. ஆனா ஒரு பெரிய கதவு இதனால திறந்துச்சு. தப்பான முடிவுக்கு இழுத்துட்டுப் போறது ஒரு எண்ணம்னா, எண்ணத்தைத்தான் குறுக்கு விசாரணை பண்ணலாமே!

பிலடெல்ஃபியாவின் 120 பேர்

2005 ஆகஸ்ட்ல வெளியான ஆய்வு இது. கிரிகரி பிரவுன்ங்கிறவர் முன்னின்று நடத்த, 84 வயசு பெக்கும் கூட இருந்தார். தற்கொலைக்கு முயன்று எமர்ஜென்சி வார்டுக்கு வந்த 120 பேரைச் சேர்த்தாங்க. பாதிக்கு மேல கறுப்பினத்தவர்கள். பாதிக்கு மேல ஏதோ ஒரு போதைப் பழக்கத்துல சிக்கினவங்க. 'இவங்களை வெச்சு ஆராய்ச்சியா, ஒரு வாரத்துல காணாமப் போயிடுவாங்களே'ன்னு பொதுவா எல்லாரும் ஒதுக்குற ஆளுங்க.

சீட்டுக் குலுக்கிப் போடுற மாதிரி 60, 60-ஆ பிரிச்சாங்க. ரெண்டு கூட்டத்துக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ரெண்டு கூட்டத்துக்கும் போன் போட்டு, லெட்டர் எழுதி, எப்படி இருக்கீங்கன்னு கேட்க ஆட்கள் உண்டு. ஒரு கூட்டத்துக்கு மட்டும் கூடுதலா பத்தே பத்து தடவை காக்னிட்டிவ் தெரபி.

18 மாசம் கழிச்சு எண்ணினாங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைச்சவங்கள்ல 23 பேர் மறுபடி முயன்றிருந்தாங்க. தெரபி கிடைச்சவங்கள்ல 13 பேர். ஆபத்து கிட்டத்தட்ட பாதியாக் குறைஞ்சிருந்தது.

அந்தப் பத்து தடவையில என்னதான் பேசினாங்க? முதல்ல, அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு கேட்டாங்க. திட்டுறதுக்காக இல்லை. காலையிலேருந்து ஒவ்வொரு நிமிஷமா, என்ன நடந்தது, என்ன தோணுச்சு, அடுத்து என்ன செஞ்சேன்னு சங்கிலி மாதிரி கோர்த்துப் பார்த்தாங்க. எந்தக் கண்ணியில சங்கிலியை உடைச்சிருக்கலாம்னு ரெண்டு பேருமா தேடினாங்க. தலை கொதிக்கிற நேரத்துல புத்தி வேலை செய்யாதில்லையா, அதனால தெளிவா இருக்கும்போதே பதில்களைச் சின்ன கார்டுல எழுதி பர்ஸ்ல வெச்சுக்கச் சொன்னாங்க.

அப்புறம் ஒரு பெட்டி. ஷூ வாங்கின அட்டைப் பெட்டி இருந்தாக்கூடப் போதும். அதுல, நான் உயிரோட இருக்கணும்னு ஞாபகப்படுத்துற எதை வேணாலும் போட்டு வெக்கலாம். அக்கா குழந்தையோட போட்டோ, யாரோ எப்பவோ எழுதின லெட்டர், கோவில்லேருந்து கொண்டு வந்த ஏதாவது, போகணும்னு நினைச்ச ஊரோட படம். நம்பிக்கைப் பெட்டின்னு பேர். கேட்க ஸ்கூல் பசங்க கிராஃப்ட் வேலை மாதிரி இருக்கில்ல? நமக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, 'எனக்குன்னு யாருமே இல்லை'ன்னு மனசு அடிச்சுச் சொல்ற ராத்திரி ரெண்டு மணிக்கு, அதுக்கு எதிரான ஆதாரத்தை அப்போ போய்த் தேட முடியாது. கட்டிலுக்கு அடியில ரெடியா இருக்கணும்.

கடைசியில ஒரு ஃபைனல் எக்ஸாம். கண்ணை மூடி, அந்த நாளை மறுபடி மனசுல ஓட்டிப் பார்க்கணும், அதே வலியோட. ஆனா இந்த முறை கத்துக்கிட்டதைப் பயன்படுத்தி வேற முடிவுக்குக் கொண்டு வரணும். அப்புறம் இனிமே வரக்கூடிய ஒரு மோசமான நாளைக் கற்பனை பண்ணி அதையும் சமாளிச்சுக் காட்டணும். முடியலைன்னா? ஃபெயில் கிடையாது, இன்னும் சில தடவை வரலாம், அவ்வளவுதான்.

எங்களை ரொம்ப யோசிக்க வெச்சது இன்னொரு முடிவு. சாகணும்ங்கிற எண்ணம் வந்துபோறதுல ரெண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வித்தியாசம் செயல்லதான். எங்களுக்குப் புரியுறது இதுதான்: எண்ணம் கதவைத் தட்டுறதை நிறுத்தலை. ஆனா தட்டுறவங்களுக்கெல்லாம் திறக்கத் தேவையில்லைன்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. அந்த மாதிரி எண்ணம் உங்களுக்கு எப்பவாவது வந்திருந்தா, 'ஐயோ, எனக்கே வந்துடுச்சே, நான் அவ்வளவுதானா'ன்னு நினைச்சிருந்தா, இந்த ஒரு வரியை ரெண்டு தடவை படிங்க.

120 பேர் சின்ன எண்ணிக்கைதான். இறப்பைத் தடுக்குமான்னு சொல்ல இந்த ஆய்வு போதாது. பின்னாடி இதே யோசனையைச் சுருக்கி, பார்பரா ஸ்டான்லியும் பிரவுனும் ஒரே தாளில் அடங்குற 'பாதுகாப்புத் திட்டம்' ஒண்ணை உருவாக்கினாங்க. எனக்கு மோசமாகப் போகுதுங்கிறதுக்கு அறிகுறி என்ன, தனியா என்ன செய்யலாம், எங்கே போகலாம், யாரைக் கூப்பிடலாம், ஆபத்தான எதைக் கைக்கு எட்டாம வெக்கணும்னு வரிசையா எழுதுறது. போன்ல தொடர்ந்து விசாரிக்கிறதையும் சேர்த்து அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகள்ல செஞ்சு பார்த்ததுல, அடுத்த ஆறு மாசத்துல தற்கொலை நடத்தைகள் 45 சதவீதம் குறைவா இருந்ததா 2018-ல் எழுதினாங்க.

சென்னையிலும் நடந்தது!

பத்து தடவை தெரபி குடுக்க நம்ம ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னுதானே கேட்குறீங்க? கரெக்டான கேள்வி. அதுக்கு ஒரு பதில் சென்னையிலேயே கிடைச்சது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட அஞ்சு ஊர்கள்ல, முயற்சிக்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேரை வெச்சு ஒரு ஆய்வு நடத்தி 2008-ல் வெளியிட்டது. இது காக்னிட்டிவ் தெரபி இல்லை. ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கமா பேசினாங்க. அப்புறம் 18 மாசத்துல ஒன்பது தடவை, போன்லயோ நேர்லயோ, 'எப்படி இருக்கீங்க?' அவ்வளவுதான். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைச்சவங்கள்ல 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தாங்க. விசாரிக்கப்பட்டவங்கள்ல 0.2 சதவீதம்.

ஒன்பது போன்கால் பாஸ்!

ஃப்ரெண்டுகிட்ட எப்படிக் கேட்கிறது?

'இதைப் பத்திக் கேட்டா, இல்லாத எண்ணத்தை நாமளே விதைச்ச மாதிரி ஆயிடாதா?' இந்தப் பயம் எல்லாருக்கும் உண்டு. நியூயார்க் மாநிலத்துல ஆறு பள்ளிகள்ல 2,342 மாணவர்கள்கிட்ட இதைச் சோதிச்சுப் பார்த்து 2005-ல் எழுதினாங்க. பாதிப் பேர்கிட்ட தற்கொலை பத்தி நேரடியாக் கேட்டாங்க, மீதிப் பேர்கிட்ட கேட்கலை. கேட்கப்பட்டவங்களுக்குக் கூடுதல் துன்பமோ, கூடுதலா அந்த எண்ணமோ வரலை. ஏற்கெனவே கஷ்டத்துல இருந்தவங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

அதனால கேளுங்க. சுத்தி வளைக்காம, டீக்கடையிலயோ ஹாஸ்டல் மொட்டை மாடிப் படிக்கட்டுலயோ உட்கார்ந்து, 'டேய், செத்துடலாம்னு தோணுதா?'ன்னே கேட்கலாம். 'ஆமா'ன்னு வந்தா அதிர்ந்து போய் அட்வைஸ் மழை பொழியாதீங்க, சத்தியம் வாங்காதீங்க. 'யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு கேட்டா, அந்த ஒரு ரகசியத்தை மட்டும் காப்பாத்தாதீங்க. அவனைத் தனியா விடாம, வார்டனோ வீட்டுல ஒரு பெரியவரோ டாக்டரோ, யாராவது ஒருத்தர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. எல்லா அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலயும் மனநலப் பிரிவு இருக்கு. போலீஸ் கேஸ் ஆயிடும்னு பயந்து மறைக்க வேண்டாம். முயன்றவர் கடுமையான மன உளைச்சல்ல இருந்ததாகவே கருதணும், தண்டிக்கக் கூடாதுன்னு 2017-ம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லுது.

பெக் 2021 நவம்பர்ல, தன்னோட 100-வது வயசுல காலமானார். 'நான் முட்டாள்'னு முடிவு பண்ணின அதே பையன்தான்.

நம்பரை இப்பவே போன்ல ஏத்திக்கங்க. மத்திய அரசோட டெலி-மானஸ் 14416, கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்லயே பேசலாம். சென்னையில 1986-லேருந்து இயங்குற சிநேகா அமைப்பு, 044-24640050. உங்களுக்குத் தேவைப்படாம இருக்கலாம். அந்த ரெண்டு நீல டிக்குக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்களுக்குத் தேவைப்படலாம்.